பின்சீட்டில் ஒரு கீறல் இல்லை

வரலாற்றில் மனிதன் எதையெதையோ பாதுகாத்திருக்கிறான். கோட்டையைச் சுற்றி அகழி வெட்டினான். கிரீடத்தைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினான். பிணத்தைக்கூடத் தைலம் பூசிக் கெடாமல் வைத்தான். ஆனால் எங்கள் டிரக்கின் பின்சீட்டை நாங்கள் பாதுகாத்ததைப் போல எந்த நாகரிகமும் எதையும் பாதுகாத்ததில்லை. பெருமைக்காகச் சொல்லவில்லை. அதற்கென்றே அமைக்கப்பட்ட குழுவின் செயலாளர் என்ற பொறுப்போடு சொல்கிறேன்.

எங்களுடையது நாய்கள் தங்கும் விடுதி. வெளியூர் போகும் வசதியானவர்கள் தங்கள் நாய்களை எங்களிடம் ஒப்படைத்துவிட்டுப் போவார்கள். 'நாய்' என்று நான் எழுதுவது உங்களுக்குப் புரிவதற்காக. விடுதிக்குள் அந்தச் சொல்லுக்குத் தடை. 'விருந்தினர்' என்றுதான் சொல்ல வேண்டும். விருந்தினரை அவரவர் வீட்டு வாசலிலிருந்து ஏசியில் அழைத்து வருவது எங்கள் சிறப்புச் சேவை. அதற்காகவே முதலாளி ஒரு டிரக் வாங்கினார். முன்னால் இரண்டு பேர் உட்காரலாம். அதன் பின்னால், தனிக் கதவுகளோடு ஒரு நீளச் சீட். அதற்கும் பின்னால் சாமான் ஏற்றத் திறந்த தொட்டி. பின்சீட்டைப் பால் வெள்ளைத் தோலில் தைக்கச் சொல்லி வாங்கியிருந்தார். "நாய் ஏத்துற வண்டிக்கு எதுக்கு சார் வெள்ளைச் சீட்டு?" என்று டிரைவர் கேட்டார். அன்றிலிருந்து அவருடைய சம்பள உயர்வு 'பரிசீலனையில்' இருக்கிறது.

முதல் பயணத்தில் வந்தவர் மந்திரி. அது அவருடைய பெயர். தோற்றமும் அதற்குக் குறைவில்லை. கன்றுக்குட்டி அளவு உடம்பு, தொங்கும் கன்னம், யாரையும் நேராகப் பார்க்காத பார்வை. ஒரே ஒரு பலவீனம், வண்டி வளைவில் திரும்பினால் வாந்தி எடுப்பார். எங்கள் பாதையில் நேராகப் போகும் இடமே குறைவு. வண்டி வந்து நின்றதும் முதலாளி பின்கதவைத் திறந்தார், பார்த்தார், தலையில் கைவைத்துப் படியில் உட்கார்ந்துவிட்டார். வெள்ளைச் சீட்டில் மஞ்சளாக ஒரு ஏரி, அதன் கரையில் நகக் கீறல்கள். சீட்டைப் பிரித்துப் புதுத் தோல் தைத்து வரும்வரை அவர் சரியாகச் சாப்பிடவில்லை.

உடனே பின்சீட்டுப் பாதுகாப்புக் குழு அமைக்கப்பட்டது. தலைவர், முதலாளி. பொருளாளர், முதலாளியின் மைத்துனர். செயலாளர் அடியேன், விடுதியின் மேனேஜர். டிரைவர் 'சிறப்பு அழைப்பாளர்', அதாவது நின்றுகொண்டே கலந்துகொள்ளலாம்.

முதலில் பழைய போர்வை விரித்தோம். விருந்தினர்கள் அதைத் தோண்டிச் சுருட்டி ஜன்னல் பக்கம் ஒதுக்கிவிட்டு, வெறும் சீட்டில் படுத்தார்கள். பிறகு பிளாஸ்டிக் தாள். பிரேக் போட்டதும் மந்திரி அவர்கள் வழுக்கிச் சீட்டுக்கும் முன்சீட்டுக்கும் நடுவே விழுந்து, நான்கு கால்களும் மேலே இருக்க, விடுதிவரை அப்படியே பயணம் செய்தார். "என் பிள்ளையோட மரியாதை என்ன ஆகுறது?" என்று அவருடைய 'அம்மா' போனில் அழுதார். அந்த அம்மாள் எங்கள் முக்கிய வாடிக்கையாளர்.

அவசரக் கூட்டம் கூடியது.

"கடையில இதுக்குன்னே விரிப்பு விக்குது சார்," என்றார் டிரைவர். "அடியில ரப்பர். முன்சீட்டுலயும் பின்சீட்டுலயும் கொக்கி மாட்டி தொட்டில் மாதிரி கட்டிரலாம். நாய் கீழ விழாது, தண்ணி இறங்காது, நகம் படாது."

"விருந்தினர்," என்று திருத்தினேன்.

"விருந்தினர் நகம் படாது சார்."

குழு திகைத்துப்போனது. பிரச்சினை இவ்வளவு சுலபமாகத் தீர்ந்துவிட்டால் குழு எதற்கு? நல்ல வேளையாக மைத்துனர் ஆழமாக யோசிக்கக்கூடியவர்.

"அந்த விரிப்பைத் துவைக்கிறது யாரு?"

"குளியலக்கா."

விருந்தினர்களைக் குளிப்பாட்டுகிறவள்தான் குளியலக்கா. அவர்களை அழைத்துவரப் போகும்போது ஷாம்பூ டப்பாக்களோடும் வாளியோடும் திறந்த தொட்டியில் உட்கார்ந்து போவாள்.

"காயப்போடுறது?"

"அவங்கதான்."

"ஒவ்வொரு தடவையும் விரிச்சு, கொக்கி மாட்டி, கழட்டுறது?"

"அவங்களேதான் சார்."

மைத்துனர் பேனாவை மேஜைமேல் வைத்தார். "எல்லாத்தையும் அந்தம்மாதானே செய்யுது. நடுவுல விரிப்பு எதுக்கு அத்தான்?"

முதலாளி மெல்ல எழுந்து, மைத்துனரின் தோளைத் தொட்டார். "மாப்ளே, உன்னை இத்தனை நாள் உங்கக்கா தம்பின்னு மட்டும்தான் நினைச்சிட்டு இருந்தேன்."

திட்டம் இதுதான்: குளியலக்கா பின்சீட்டில் உட்காருவாள், விருந்தினர் அவள் மடியில் உட்காருவார். நாங்கள் ஒவ்வொரு அம்சமாக அலசினோம். மடி வழுக்காது. பிரேக் போட்டால் பிடித்துக்கொள்ளும். குளிருக்கு இதமானது. தினமும் தன் சொந்தச் சோப்பில் தானே குளித்துக்கொள்ளும், துணியையும் தானே துவைத்துக்கொள்ளும். கிழிந்தால் தானே ஆறும். கடையில் விற்கும் எந்த விரிப்புக்கும் இந்தக் கடைசித் தகுதி கிடையாது. 'உயிர் விரிப்புத் திட்டம்' என்று பெயர் வைத்தேன். மழையிலும் வெயிலிலும் தொட்டியில் போய்க்கொண்டிருந்தவளுக்கு இனிமேல் ஏசி! பதவி உயர்வு என்றே அறிவித்தோம்.

"ஏசியா சார்?" என்று அவள்கூட முதலில் சிரித்தாள்.

திட்டம் அபார வெற்றி. மந்திரி அவர்கள் முன்கால்களை அவள் தோளில் போட்டுக்கொண்டு, பின்கால்களை அவள் தொடையில் ஊன்றிக்கொண்டு, ராஜ தோரணையில் வந்து இறங்கினார். வளைவுகளில் வழக்கப்படி நடந்தது. சீட்டில் ஒரு சொட்டுக்கூட இல்லை. அவருடைய 'அம்மா' நேரில் வந்து பின்கதவைத் திறந்து பார்த்துவிட்டு, "எப்படிங்க இப்படி வச்சிருக்கீங்க? என் வீட்டு சோபாகூட இப்படி இல்லை," என்று வியந்தார். முதலாளி அடக்கமாகத் தலைகுனிந்து நின்றார். பக்கத்தில் குளியலக்கா தன் முன்பக்கத்தை வாளித் தண்ணீரில் கழுவிக்கொண்டிருந்தாள்.

எந்த மகத்தான திட்டத்துக்கும் முணுமுணுப்பு உண்டு. அடுத்த கூட்டத்துக்குக் குளியலக்காவே வந்து கதவோரம் நின்றாள்.

"சார், தொடையெல்லாம் கீறல். ராத்திரி வீட்டுக்குப் போனா சின்னவ ஓடிவந்து மடியில ஏறுறா. எரியுது சார். இறக்கி விட்டா அழுவுறா. நாலு வயசு, அவளுக்கு என்ன தெரியும்? அம்மாவுக்கு நம்ம மேல கோவம்னு நினைச்சுக்கிட்டு இப்பல்லாம் கிட்டயே வரமாட்டேங்குறா."

முதலாளி நெகிழ்ந்துவிட்டார். அவருக்குக் குழந்தைகள் என்றால் உயிர். "பாப்பாவுக்கு ஒழுங்கா நகம் வெட்டி விடுறியாம்மா?"

"கீறுனது அவ இல்ல சார். மந்திரி."

"சேச்சே, அவர் நகத்துல கைவைக்க முடியாதும்மா. அவங்க வீட்டுல தனியா ஆள் வச்சு தேய்ச்சு விடுறாங்க."

"அப்ப மடியில போட்டுக்கக் கெட்டியா ஒரு கான்வாஸ் துணியாவது வாங்கிக் குடுங்க சார். அது போதும்."

மைத்துனர் பகபகவென்று சிரித்துவிட்டார். "விரிப்புக்கே ஒரு விரிப்பா? உலகத்துல எந்தக் கம்பெனியிலயாவது உண்டா அத்தான்?"

கேட்டுப் பார்த்தால் நியாயம்தானே. கோரிக்கை 'கனிவுடன்' நிராகரிக்கப்பட்டது. கனிவுடன் என்ற சொல்லைச் சேர்த்தது நான்.

திட்டத்தின் உண்மையான சோதனை ஒரு வெள்ளிக்கிழமை வந்தது. முதலாளியின் மேஜைமேல் போன் அலறியது. அவர் ஸ்பீக்கரில் போட்டார்.

"சார், வண்டிய ஓரம் கட்டிருக்கேன்," என்றார் டிரைவர். "சைக்கிள்காரர் ஒருத்தர் குறுக்க வந்துட்டார். பிரேக் அடிச்சுட்டேன்."

"சீட்டு?"

"கை உடைஞ்சிருச்சு சார்."

முதலாளியின் முகம் வெளுத்தது. "யாரு கை? மந்திரி கையா?"

"அக்கா கை சார். மந்திரி அப்படியே மேல சாஞ்சதுல கதவுல போய் அடிச்சு மணிக்கட்டு..."

"அப்பாடா!" முதலாளி நெஞ்சைத் தடவிக்கொண்டார். "ஒரு நிமிஷம் உயிரே போயிருச்சுய்யா. வாந்தி எடுத்தாரா?"

"எடுத்தாரு. அத்தனையும் அக்கா மேலதான்."

"சீட்டுல?"

"ஒரு கீறல் இல்ல சார்."

மைத்துனர் கைதட்டினார். நானும் தட்டினேன். ஒரு திட்டம் இப்படி நூற்றுக்கு நூறு வாங்குவதைப் பார்க்கக் கொடுத்துவைத்திருக்க வேண்டும்.

"நான் அக்காவ ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறேன் சார்."

"தாராளமா போ. மந்திரிய அவர் வீட்டுல இறக்கி விட்டுட்டுப் போ. அதுவரைக்கும் நல்லா இருக்குற கையால பிடிச்சுக்கச் சொல்லு."

டிரைவர் போனை வைத்துவிட்டார். பிறகு தெரிந்தது, அவர் நேராக ஆஸ்பத்திரிக்குத்தான் போயிருக்கிறார். அவருடைய 'பரிசீலனை' இப்போது ஒரு முடிவுக்கு வந்துவிட்டது.

மறுநாள் காலை யார் மடி தருவது என்ற கேள்வி எழுந்தது. மைத்துனர் தன் மடியில் எப்போதும் லேப்டாப் இருப்பதைச் சுட்டிக்காட்டினார். எனக்குப் பல வருட முதுகுவலி. "பேசாம அந்த ரப்பர் விரிப்பையே வாங்கித் தொலைங்க," என்றார் முதலாளி. கடைக்குப் போன் செய்தேன். சரக்கு இல்லை, ஆர்டர் கொடுத்தால் வரப் பத்து நாள் ஆகும் என்றார்கள். எனவே 'உதவியாளர் தேவை. ஏசி வசதியுடன் அமர்ந்து செய்யும் பணி' என்று கேட்டில் ஒரு பலகை மாட்டச் சொன்னார் முதலாளி.

பலகையை மாட்டிவிட்டு உள்ளே வந்தபோது குளியலக்கா ஆபீஸில் நின்றிருந்தாள். கையில் மாவுக்கட்டு, தோளிலிருந்து தொங்கும் தூக்குத் துணி. அவள் உடையைப் பிடித்துக்கொண்டு அந்தச் சின்னவள். வேலையை விட்டுப் போவதாகச் சொல்ல வந்திருந்தாள்.

முதலாளி பெருந்தன்மையோடு எழுந்து நின்றே பேசினார். "எதுக்கும்மா அவசரப்படுற? கைதானே உடைஞ்சிருக்கு? மடி நல்லாத்தானே இருக்கு?"

அவள் வாடிக்கையாளர்களுக்கென்று போட்டிருந்த சோபாவில் போய் உட்கார்ந்தாள். மைத்துனருக்கு மூச்சே நின்றுவிட்டது. அவள் நல்ல கையால் குழந்தையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள். எரிந்திருக்கும். கண்ணை ஒரு கணம் மூடினாள், அவ்வளவுதான். குழந்தை அசையாமல், பயந்தாற்போல் உட்கார்ந்தது. பிறகு மெதுவாக அவள்மேல் சாய்ந்தது.

"நல்லாத்தான் சார் இருக்கு," என்றாள் குளியலக்கா. "ஆனா இடம் காலி இல்ல."

அவள் போன பிறகு, உடைந்த கைக்குக் கம்பெனி ஏதாவது செய்ய வேண்டுமா என்று பேச்சு வந்தது. வண்டிப் பராமரிப்புக் கணக்கில் கை வராது என்று மைத்துனர் விளக்கினார். ஆனாலும் முதலாளியின் முகத்தில் கவலை தீரவில்லை. அப்படி ஒரு விரிப்பு இனி அமையுமா?

வெளியே ஏதோ சலசலப்பு கேட்டது. ஜன்னலைத் திறந்தேன். பலகை மாட்டி ஒரு டீ குடிக்கும் நேரம்தான் ஆகியிருந்தது. கேட்டிலிருந்து தெருமுனைவரை வரிசை. கைக்குழந்தையோடு ஒருத்தி, தலை நரைத்த ஒருவர், கல்லூரிப் பையைக்கூட இறக்காத ஒரு பெண். முந்தி வந்தது யார் என்று இரண்டு பேர் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள்.

முதலாளி என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார். முகம் மலர்ந்தது.

"பார்த்தீங்களா மேனேஜர்," என்றார், "தட்டுப்பாடெல்லாம் ரப்பருக்குத்தான்."