கொள்ளு மேல் ஏறிய சைக்கிள்

உங்களுக்கு வேறு வேலையே இல்லையா? ஊரில் எத்தனையோ நல்ல சேதி இருக்க, ஒரு கிழவி சைக்கிளில் போன கதையைக் கேட்க வந்து நிற்கிறீர்களே! (யாரு சொன்னது? எதுத்த வூட்டு ருக்குதானே? அவ வாயிலதான் எதுவும் நிக்காதே.) சரி, உட்காருங்கள். அவள் சொன்னால் நான் மலை உச்சியிலிருந்து உருண்டேன் என்பாள்.

எங்கள் ஊரில் முதலில் சைக்கிள் ஓட்டிய பொம்பளை நான்தான். கல்யாணமான புதிதில் வீட்டுக்காரர் சொல்லிக் கொடுத்தார். அதாவது, பின்னால் பிடித்துக்கொண்டு ஓடி வந்தவர் பாதியில் விட்டுவிட்டு பீடி பற்றவைக்கப் போய்விட்டார். அப்படித்தான் கற்றுக்கொண்டேன். காரிமங்கலம் சந்தைக்குப் போகும் நாளில், மாரியம்மன் கோயில் சரிவு வந்ததும் இரண்டு காலையும் பெடலிலிருந்து தூக்கிவிடுவேன். பெடல் நிற்க, ஃப்ரீவீல் 'டிக் டிக்' என்க, சக்கரம் தானாக ஓடும். முந்தானை பறக்கும். அந்தச் சரிவு முடிகிற வரைக்கும் நான் யாருக்கும் மருமகள் இல்லை.

அதெல்லாம் போச்சு. போன வருஷம் சைக்கிளிலிருந்து விழுந்து முழங்காலைப் பெயர்த்துக்கொண்டேன். ஓசூரிலிருந்து மகன் வந்தான். என் சைக்கிளைப் பழைய இரும்புக்காரனிடம் போட்டுவிட்டு, "இன்னொரு தடவ நீ சைக்கிள்ல ஏறுனேன்னு காதுல உழுந்துச்சு, வூட்டப் பூட்டிட்டு உன்ன ஓசூருக்குக் கூட்டிட்டுப் போயிருவேன்" என்றான். சொன்னால் செய்கிறவன். அவன் வீடு நாலாவது மாடி. எட்டிப் பார்த்தால் வெறும் தலைகள்தான் தெரியும், யார் தலை என்று தெரியாது. அங்கே போய் யாரை வம்புக்கு இழுப்பது?

இந்தப் பொங்கலுக்கு அவன் மகள் வெண்ணிலா பெங்களூரிலிருந்து முன்னாடியே வந்துவிட்டாள். கூடவே ஒரு சைக்கிள். ஒல்லிக்குச்சியாக, மட்கார்டு இல்லை, கேரியர் இல்லை, பிரேக்கும் இல்லை. வாசலில் சாக்கை விரித்து, சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, பின் சக்கரத்தை இழுத்து இழுத்துச் செயினை இறுக்கினாள்.

"ரோட்டுல ஓட்டணும்னா முன்னாடி ஒரு பிரேக் வேணும் ஆயா. அதத்தான் மாட்டப் போறேன்."

நான் பெடலைப் பின்பக்கம் சுற்றிப் பார்த்தேன். சக்கரமும் பின்பக்கம் சுற்றியது. முன்பக்கம் சுற்றிவிட்டுப் பிடித்தேன். சக்கரமும் நின்றுவிட்டது.

"ஃப்ரீவீல் பிடிச்சிக்கிச்சு கண்ணு."

"இல்ல ஆயா. இதுல ஃப்ரீவீலே கெடையாது. சக்கரம் சுத்துற வரைக்கும் பெடலும் சுத்தும். இப்ப இதான் ஃபேஷன்."

(கெட்டுப்போன சரக்கத் தலையில கட்டிட்டு ஃபேஷன்னு சொல்லியிருக்கான் கடைக்காரன். படிச்ச புள்ள, நம்பிட்டா.)

பிரேக் கம்பி நீளம் பத்தவில்லை என்று அவள் பஸ் ஏறி காரிமங்கலம் போனாள். பேத்தி ஏமாந்துவிட்டாளே என்று எனக்கு மனசு கேட்கவில்லை. இறுகிப்போன ஃப்ரீவீலுக்கு எங்கள் ஊரில் ஒரே வைத்தியம்தான்: சீமெண்ணெய். ரேஷனில் நிறுத்துவதற்கு முன் ஒளித்து வைத்த பாட்டில் ஒன்று அடுக்குப் பானைக்குப் பின்னால் இருந்தது. பல்சக்கரத்தின் இடுக்கில் ஊற்றினேன். கருங்கல்லால் பதமாக நாலு தட்டு தட்டினேன். வாசலெல்லாம் நாறியது.

இறுக்கம் விட்டதா என்று ஓட்டிப் பார்த்தால்தானே தெரியும்? (ஓட்டிப் பாக்க ஆசைன்னு நான் சொன்னேனா?) தெருவில் ஆள் இல்லை. சைக்கிளை நிமிர்த்தி, புடவையை வாரிச் செருகிக்கொண்டு, துணி துவைக்கும் கல்லின் மேல் நின்று ஏறினேன்.

சமதரையில் வண்டி வெண்ணெய் மாதிரி போயிற்று. என் கைராசியை நானே மெச்சிக்கொண்டேன். கோயில் சரிவு வந்தது. பழைய ஞாபகத்தில் மிதிப்பதை நிறுத்தினேன்.

நான் நிறுத்தினேன், பெடல் நிறுத்தவில்லை. மடியில் கை வைத்ததும் உதைக்கிற புது மாடு மாதிரி சீட்டிலிருந்து என்னைத் தூக்கிப் போட்டது. கால் இரண்டும் நழுவின. பெடல்கள் கீழே காற்றாடியாகச் சுற்றி, கெண்டைக்காலை மாறி மாறி அடித்தன. பிரேக்கைப் பிடிக்கப் போன கை வெறும் காற்றைப் பிசைந்தது.

சரிவின் அடியில் தார் ரோடு. அங்கே ருக்கு கொள்ளுச் செடியைப் பரப்பிப் போட்டிருந்தாள். போகிற வருகிற வண்டியெல்லாம் ஏறி மிதித்தால் கொள்ளு தானாக உதிர்ந்துவிடும். எங்கள் பக்கம் அடிப்பதே அப்படித்தான். ஓரத்தில் சக்கையைப் போராகக் குவித்துவிட்டு, கையில் முறத்தோடு நின்றவள் என்னைப் பார்த்துவிட்டாள்.

"யக்கா! எங்க போறீங்க?"

"அது வண்டிக்குத்தாண்டி தெரியும்!"

பரப்பியிருந்த கொள்ளின் மேல் ஏறி, சக்கைப் போருக்குள் போய்ச் செருகியது வண்டி. நான் போர் மேல் உட்கார்ந்திருந்தேன். எலும்பு எதுவும் போகவில்லை, மூக்குக்குள் மட்டும் கொஞ்சம் தூசி. ருக்கு முறத்தைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்த சிரிப்பில் ரோட்டோரத்து வீடுகளிலிருந்து ஆட்கள் ஓடி வந்தார்கள். அந்த நேரம் பார்த்தா பஸ் வர வேண்டும்? கையில் பிரேக் கம்பியோடு வெண்ணிலா இறங்கினாள்.

"ஆயா! அடி பட்டுச்சா?"

"எனக்கு ஒண்ணுமில்ல. உங்கொப்பன் காதுக்கு மட்டும் போவக்கூடாது."

அவள் சைக்கிளை மோந்து பார்த்தாள். "என்னத்த ஊத்துன?"

சொன்னேன். தலையில் அடித்துக்கொண்டு பின் சக்கரத்தின் மறுபக்கத்தைக் காட்டினாள். அந்தப் பக்கமும் ஒரு பல்சக்கரம்.

"இந்தப் பக்கம் ஃப்ரீவீல் ஆயா, நான் ஓட்டுற பக்கந்தான் கெடையாது. சக்கரத்தத் திருப்பி மாட்டுனாப் போதும். கேட்டிருந்தா மாட்டிக் குடுத்திருப்பேன்ல?"

அன்று சாயங்காலம் சீமெண்ணெயைத் துடைத்து, கிரீஸ் வைத்து, பிரேக்கைப் பூட்டி, சக்கரத்தைத் திருப்பி மாட்டினாள். "ஒரே தடவதான்" என்றாள். சரிவில் காலைத் தூக்கினேன். டிக் டிக் டிக். அதற்கு மேல் எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

பொங்கலுக்கு முதல் நாள் மகன் வந்தான். எந்தப் புண்ணியவான் சொன்னானோ, வந்ததும் நேராக ருக்குவிடம் போய்க் கேட்டான். அவள் முகம் மாறாமல், "சைக்கிளா? எங்கக்காவா? கொள்ளு அடிக்க ஒத்தாசைக்கு வந்தாங்க தம்பி, அவ்வளவுதான்" என்றாள். ஓசூர் தப்பியது. ஆனால் இன்றைக்கும் பேத்தி போனை எடுத்தால் முதல் கேள்வி, "கொள்ளு அடிக்கற மெஷின் எப்படி இருக்கு?" என்பதுதான்.

ருக்குவுக்கு அந்தப் பதிலை எடுத்துக் கொடுத்ததே நான்தான். அன்று போர் மேல் உட்கார்ந்தபடியே, தலையிலிருந்த சக்கையைத் தட்டிவிட்டு, கூடி நின்ற அத்தனை பேரிடமும் சொன்னேன்:

"என்னாத்துக்குச் சிரிக்கிறீங்க? ரோட்டுல கொள்ளு போடறது எதுக்கு? வண்டி ஏறத்தானே? ஏறுனேன்!"