கிணற்றில் போட்ட நாலு போத்தல்

பெயர் தெரிந்தால் போதும், பொருள் தெரிய வேண்டியதில்லை என்பது இருபத்திரண்டு வயதில் என் கொள்கை. பெயரைக் கொஞ்சம் மூக்கால் சொல்லத் தெரிந்தால் இன்னும் நல்லது. இந்த ஒரு கொள்கையை மூலதனமாக வைத்துக்கொண்டு மட்டக்களப்பு வாவியின் இரண்டு கரைகளிலும் நான் பெரிய வைன் நிபுணனாக உலாவினேன். அதுவரை என் நாக்கில் ஒரு சொட்டு வைன் பட்டதில்லை. (கள் பட்டிருக்கிறது. அதை எந்த நிபுணனும் கணக்கில் எடுப்பதில்லை.)

நிபுணத்துவம் வந்த வழி இது. இரண்டாவது உலக யுத்தத்துக்கு முந்திய அந்தக் காலத்தில், கொழும்புக் கோட்டையில் வெள்ளைக்காரருக்கு வைன் விற்கும் கடை ஒன்றில் ஒன்றரை வருடம் கிளாக்கராக இருந்தேன். கடைத் துரை வாடிக்கையாளருக்கு விளக்கம் கொடுக்கும்போது பின்னால் நின்று காதைத் தீட்டிக்கொண்டு பாடமாக்கினேன். வைன் செய்கிற திராட்சையில் (எங்களூரில் முந்திரிகைப்பழம்) பல இனம் உண்டு. ஒரே இனத்துக்கு நாட்டுக்கு நாடு பெயர் வேறு. பிரான்சில் றோன் ஆற்றங்கரையில் ‘சிறா’ என்று இருக்கிற கறுத்த திராட்சை, ஆஸ்திரேலியாவில் போய் இறங்கியதும் ‘சீராஸ்’ ஆகிவிடும். ஸ்பெயின்காரரின் ‘கர்னாச்சா’ மலையைத் தாண்டிப் பிரான்சுக்குள் வந்தால் ‘கிறெனாஷ்’. முன்னது இருண்ட நிறம், மிளகு வாசம். பின்னது கொஞ்சம் வெளிறியது, பழ இனிப்பு, ஆனால் ஆளைச் சாய்ப்பதில் கெட்டிக்காரன். இதையெல்லாம் அந்தத் துரையைவிட நான் நன்றாகச் சொல்வேன் என்று எனக்கு ஒரு நினைப்பு. கடையில் ஆட்குறைப்பு வந்தபோது முதலில் என்னைத்தான் குறைத்தார்கள்.

களுவாஞ்சிக்குடிக்குத் திரும்பி வந்து சும்மா இருந்தவனுக்குக் காதல் வந்தது. வாவிக்கு அந்தப் பக்கம், கொக்கட்டிச்சோலையில் ஒரு போடியார் இருந்தார். போடியார் என்றால் எங்கள் பக்கத்தில் பெரிய வயற்காரர். இவருக்கு ஒரு வட்டை (வயல்வெளி) முழுதாகச் சொந்தம். ஆண்பிள்ளை கிடையாது, ஒரே மகள் பூரணம். கோயில் தேருக்குப் போன இடத்தில் செருப்பைத் தொலைத்துவிட்டுச் சுடுமணலில் நான் ஆடிய ஆட்டத்தைப் பார்த்து, அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அந்தச் சிரிப்பில் நான் முடிந்துபோனேன். கட்டினால் இவளைத்தான் என்று அம்மாவிடம் இரண்டு வேளை சாப்பிடாமல் கிடந்து சொன்னேன். கலியாணப் பேச்சுத் தொடங்கியது.

மட்டக்களப்பில் அந்தப் பேச்சின் முதல் கேள்வி குடி. குடி என்பது இங்கே தாய்வழியாக வருகிற வம்சம். தாய் எந்தக் குடியோ பிள்ளையும் அந்தக் குடி. ஒரே குடியில் பிறந்த ஆணும் பெண்ணும் உடன்பிறந்தவர்கள் மாதிரி; அவர்களுக்குள் கலியாணம் என்ற பேச்சே கிடையாது. நாங்கள் ஆலடியார் குடி. பூரணத்தின் தாய் மருதப்போடி குடி. வேறு வேறுதான் என்று இரண்டு பக்கமும் தலையாட்டியாயிற்று. மிச்சம் இருந்தது போடியாரின் கடைசிச் சம்மதம் மட்டும்.

அந்தச் சம்மதம் ஒரு வெள்ளைக்காரரிடம் போய் மாட்டிக்கொண்டது. போடியாரின் வட்டைக்கு ஒரு மதகு தேவைப்பட்டது. அதற்கு உத்தரவு கொடுக்க வேண்டிய நீர்ப்பாசனத் துரை, தாரா (வாத்து) சுட அந்தப் பக்கம் வருகிறார் என்று செய்தி. அவருக்குப் பகல் சாப்பாடு போடியார் வீட்டில். துரைமார் குடிக்கிறது இன்னதென்று தெரிந்த பிள்ளை ஒருவன் கைக்குள் இருக்கிறானே என்று போடியார் எனக்கு ஆள் அனுப்பினார்.

“துரை சந்தோசமாப் போனாக் காணும் மருமகன்,” என்றார். “அடுத்த கிழமையே நாள் வைப்பம்.”

புத்தியுள்ளவன் ஒரு விஸ்கிப் போத்தலோடு வேலையை முடித்திருப்பான். நான் கொழும்புச் சிநேகிதன் ஒருவனைப் பிடித்து, ரயில் கோச்சியில் நாலு போத்தல் வைன் வரவழைத்தேன். பிரான்சின் சிறா ஒன்று, ஆஸ்திரேலியச் சீராஸ் ஒன்று, ஸ்பெயினின் கர்னாச்சா ஒன்று, பிரான்சின் கிறெனாஷ் ஒன்று. நாலு பெயர், இரண்டே இனம். ஊற்றி வைத்து, இதுவும் அதுவும் ஒன்றுதான் என்று நான் முடிச்சை அவிழ்க்கிற நேரம் துரை வாய் பிளக்க வேண்டும், போடியார் பூரிக்க வேண்டும், குசினிக் கதவுக்குப் பின்னால் நிற்கிற பூரணத்தின் காதில் அது விழ வேண்டும். என் திட்டம் இவ்வளவுதான்.

அன்று கச்சான் காற்று அடித்தது. கச்சான் அடிக்கிற நாளில் கிணற்றுத் தண்ணீரைத் தவிர வேறொன்றும் எங்கள் பக்கத்தில் குளிராது. காலையிலேயே மண்முனைத் துறையில் தோணியேறிப் போய்ச் சேர்ந்து போத்தல்களைத் தொட்டுப் பார்த்தால், நாலும் அவித்த நெல் மாதிரிச் சுட்டன. சிவப்பு வைனை அறையின் வெப்பத்தில் கொடுக்க வேண்டும் என்பது விதி. விதி எழுதியவர்களின் அறையில் கச்சான் அடிப்பதில்லை. நாலையும் ஒரு சாக்கில் கட்டிக் கிணற்றுக்குள் இறக்கிவிட்டு, என் சமயோசிதத்தை நானே மெச்சிக்கொண்டு பூவரச நிழலில் உட்கார்ந்திருந்தேன்.

துரை வருகிறார் என்ற சத்தம் கேட்டதும் சாக்கை இழுத்து எடுத்தேன். போத்தல்கள் அருமையாகக் குளிர்ந்திருந்தன. ஒன்றிலும் லேபிள் இல்லை. நாலு லேபிளும் கூழாகிச் சாக்கின் அடியில் கிடந்தன. போத்தல்களோ ஒரே உயரம், ஒரே பச்சை நிறம், ஒரே மாதிரித் தக்கை.

சரி, ருசி பார்த்துப் பிரித்தால் போயிற்று. ருசி பார்க்கிறவர்கள் விழுங்குவதில்லை, வாயில் அலசித் துப்பிவிடுவார்கள் என்பதும் எனக்குத் தெரியும். ஆனால் எங்கே துப்புவது? அந்த வீட்டில் இருந்தது போடியாரின் வெற்றிலைப் படிக்கம் ஒன்றுதான். அதில் அவரைத் தவிர யாரும் துப்பியதாகச் சரித்திரம் இல்லை. பெண் கேட்டு வந்தவன் மாமனாரின் படிக்கத்தில் துப்பலாமா? முற்றத்தில் துப்பலாமென்றால் அங்கே அவருடைய ஆட்கள் நிறைந்து நின்றார்கள். சிவப்பாகத் துப்பினால் மாப்பிள்ளைக்குக் காசநோய் என்று கதை வாவியைத் தாண்டிவிடும். ஆகவே மரியாதையை முன்னிட்டு விழுங்கினேன்.

முதலாவது மிளகு மணத்தது. சிறா என்று முடிவு செய்தேன். இரண்டாவதும் மிளகு. மூன்றாவதும் மிளகு. அப்போதுதான் கவனித்தேன், குசினியில் தாராக் கறிக்கு மிளகு வறுத்துக்கொண்டிருந்தார்கள். வீடே மணத்தது. என் சட்டைக் கையை மோந்து பார்த்தேன், அதுவும் சிறா. சந்தேகம் தீர மறுபடி முதலிலிருந்து வந்தேன். காலையில் சாப்பிடவும் இல்லை. இன்னொரு சுற்று வந்தபோது சந்தேகம் என்னை விட்டுப் போய்விட்டது; கூடவே வேறு பலதும் போய்விட்டது.

துரை மேசைக்கு வந்தார். முதல் கிளாஸை ஊற்றி, இது சிறா என்று ஆங்கிலத்தில் அறிவித்தேன். துரை குடித்துவிட்டு, நல்ல கிளாறட் என்றார். கிளாறட் பிரான்சின் வேறொரு மூலையில், வேறு திராட்சையில் செய்கிறது. இரண்டாவது கிளாஸையும் கிளாறட் என்றார். நாலாவதும் கிளாறட்தான். எனக்குக் கோபம் வந்துவிட்டது. வைன் விஷயத்தில் அவரும் நானும் ஒரே வகுப்பு. ஆனால் அவர் ஒரே ஒரு பெயரை வைத்துக்கொண்டு ஒரு மாகாணத்தின் தண்ணீரையே திறந்து மூடுகிறார். நான் அத்தனை பெயரையும் பாடமாக்கி வைத்துக்கொண்டு பெண்ணுக்கு அல்லாடுகிறேன்.

அந்தக் கோபத்தில் துரையை விட்டுவிட்டுப் போடியாரின் பக்கம் திரும்பித் தமிழில் பிரசங்கம் தொடங்கினேன். தாய்க்கொடியில் ஒரு துண்டை வெட்டி எந்தத் தேசத்தில் கொண்டுபோய் நட்டாலும் அது அதே கொடிதான். ஊர்க்காரன் வேறு பெயர் வைப்பான், அதனால் இனம் மாறாது என்று கைகளை விரித்துச் சொன்னேன். போடியார் துரையின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கறிச் சட்டியோடு வந்த மாமிதான் (பூரணத்தின் தாய்; அன்று பகல்வரை அப்படித்தான் அழைத்துப் பழகியிருந்தேன்) நின்று கேட்டார்.

“அப்ப மருமகன், இடம் மாறினாப் பேர் மாறும். கொடி மாறாது?”

“அதேதான் மாமி.”

“உங்கட ஆக்கள் களுவாஞ்சிக்குடிக்கு எங்க இருந்து வந்தவங்க?”

இப்படி ஒரு மாணவி கிடைத்ததில் எனக்கு உச்சி குளிர்ந்தது. அம்மாவின் அம்மம்மா, எங்கள் பூட்டி, இந்தப் படுவான்கரையில் பிறந்தவர், வாவியைத் தாண்டி எழுவான்கரைக்கு வந்து ஓர் ஆலமரத்தடியில் குடியிருந்ததால்தான் நாங்கள் ஆலடியார் ஆனோம் என்று சொன்னேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். பூட்டியின் பெயர் கண்ணகை என்றும், ஆசைப்பட்டவனோடு போவதற்குத் தோணிக்கூலிக்காகத் தமையனின் மாட்டை விற்றவர் என்றும் உதாரணம் வேறு கொடுத்தேன்.

மாமி கறிச் சட்டியை மேசையில் வைத்தார்.

“மாட்ட வித்துப்போட்டு ஓடின கண்ணகையா? அவ எங்கட அம்மம்மாட அக்கா. மருதப்போடி குடி.” என்னை மேலும் கீழும் பார்த்தார். “அப்ப நீங்க எனக்கு மருமகன் இல்ல. மகன்.”

“அதேதான்!” என்று நான் மேசையில் தட்டினேன். பாடத்தை இவ்வளவு சரியாக விளங்கிக்கொண்டாரே என்ற ஆனந்தம் எனக்கு. படுவான்கரையில் சிறா, எழுவான்கரையில் சீராஸ். இரண்டும் ஒன்றுதான் என்று அன்று அந்த மேசையில் நான் ஐயம் திரிபற நிரூபித்துவிட்டேன். நிரூபித்தது என்னவென்று எனக்கு உறைத்தபோது, குசினிக்குள்ளிருந்து தேரடியில் கேட்ட அதே சிரிப்புக் கேட்டது. அதற்குப் பிறகு நடந்தது எனக்கு நினைவில்லை. தாராக் கறிக்குள் முகத்தை வைத்து நித்திரையாகிவிட்டதாகச் சொல்கிறார்கள். கறிக்குள் இல்லை, பக்கத்தில்தான் என்று நான் இன்றுவரை வாதாடி வருகிறேன்.

மதகு கிடைத்தது. வைனைப் பற்றி இவ்வளவு உணர்ச்சியோடு பேசுகிற உள்ளூர் வாலிபனைத் தாம் கண்டதில்லை என்று துரை போகும்போது போடியாரின் கையைக் குலுக்கினாராம். வட்டைக்குத் தண்ணீர் வந்தது. கண்ணீர் வந்தது எனக்கு மட்டும். ஒரு மாதம் வீட்டை விட்டு வெளியே இறங்கவில்லை.

அடுத்த வருடம் பூரணத்துக்கு ஓர் ஓவசியரைப் பேசி முடித்தார்கள். மாப்பிள்ளை வாசலுக்கு வந்தால் காலைக் கழுவி உள்ளே கூட்டிவருவது பெண்ணின் சகோதரனுடைய கடமை. அவளுக்குத்தான் கூடப்பிறந்தவர் இல்லையே. “மகன் இருக்கக்குள்ள வேற ஆள் எதுக்கு?” என்று பெரியம்மா (ஆம், அந்த மாமிதான்) எனக்குச் சொல்லியனுப்பினார். போனேன். ஊரே பார்க்கக் குந்தியிருந்து ஓவசியரின் இரண்டு காலையும் கழுவினேன். பெரிய கால்கள். வழக்கப்படி அவர் எனக்கு ஒரு மோதிரம் போட்டார். அது சுண்டுவிரலுக்கு மேல் ஏறவில்லை. பிறகு எனக்குப் பெண் பார்த்ததும் பெரியம்மாதான். அந்தப் பெண்ணின் தாய்வழியை எத்தனையோ தலைமுறைக்குத் தோண்டி விசாரித்துவிட்டுத்தான் கட்டிவைத்தார்.

பூரணத்தின் பிள்ளைகளுக்கு நான் ‘சீராஸ் மாமா’. எங்கள் இரண்டு வீட்டிலும் எந்தக் கலியாணப் பேச்சு வந்தாலும், “கிணத்துல போட்டு எடுத்தாச்சா?” என்று யாராவது கேட்காமல் இருப்பதில்லை. லேபிள் கழன்றபிறகு என்ன இருக்கிறதென்று பார்த்தாயிற்றா என்று அர்த்தம்.

போன மாதம் அவளுடைய பேத்தியைப் பெண் பார்க்க வந்திருந்தார்கள். பையன் கொழும்பில் உத்தியோகம், கழுத்துப்பட்டி எல்லாம் கட்டி, தனக்குத் தெரிந்த பெரிய பெயர்களையெல்லாம் மூக்கால் சொல்லிக்கொண்டிருந்தான். எனக்கு அவனைப் பார்க்கப் பாவமாக இருந்தது. குசினியிலிருந்து பூரணம் தலையை நீட்டினாள். தலை முழுக்க வெள்ளை. சிரிப்பு மட்டும் அதேதான், அதைக் கேட்டால் எனக்கு இன்னும் நெஞ்சில் ஓர் இடத்தில் சுடும்.

“அண்ணன்,” என்றாள், “கிணத்துல தண்ணி காணுமா எண்டு ஒருக்காப் பாத்துட்டு வாங்க.”