ரெண்டு பல்பும் பதினோரு ஆம்பியரும்

போன சனிக்கிழமை எனக்கு இருந்த வேலை ஒண்ணே ஒண்ணு. ஃபியூஸ் ஏன் போகுதுன்னு பாக்கணும்.

விம்கோ நகர்ல என் பொண்டாட்டி ஸ்டெல்லா பஃப்ஸ் கடை வச்சிருக்கா. கண்ணாடிப் பெட்டி, உள்ளே சூட்டுக்கு ரெண்டு நூறு வாட்ஸ் குண்டு பல்பு. கரண்ட்டு பக்கத்து டெய்லர் பாய் கடையிலேருந்து ஒரு ஒயர்ல வருது. மூணு நாளா பாய் கடையில ஃபியூஸ் போய்க்கிட்டே இருந்துது.

"இன்னொரு வாட்டி போச்சுன்னா ஒயரைப் புடுங்கிடுவேன்மா. தப்பா நெனைக்காதே. பெருநாள் துணி குவிஞ்சு கீது"ன்னுட்டார் பாய்.

ஒயர் போனா கடையே இல்லை. சாயங்காலம் ஷிப்டு விட்டு வர்ற கூட்டம் ஆறின பஃப்ஸைத் திரும்பிக்கூடப் பாக்காது.

"எலக்ட்ரீஷியன் முனியனைக் கூப்புடுறேன்"னா ஸ்டெல்லா.

எனக்கு ரோஷம் வந்துடுச்சு. நான் எலக்ட்ரிகல் டிப்ளமோ! படிச்சு முடிச்ச நாளிலேருந்து கன்டெய்னர் யார்டுல பெட்டி நம்பர் எழுதிக்கிட்டிருக்கேன், அது வேற விஷயம். சர்ட்டிபிகேட் வீட்டுல லேமினேஷனோட தொங்குது.

மல்டிமீட்டரோட போனேன். ஒரு பல்பைக் கழட்டி, நல்லா ஆறவிட்டு, தடையை அளந்தேன். நாப்பத்திரண்டு ஓம்.

"வோல்டேஜை வோல்டேஜாலயே பெருக்கி, தடையால வகுத்தா வாட்ஸ் வந்துடும் பாய்"னு வகுப்பெடுத்துக்கிட்டே, பஃப்ஸ் மடிக்கிற பேப்பர்ல கணக்குப் போட்டேன். இருநூத்தி முப்பதை இருநூத்தி முப்பதால பெருக்கி, நாப்பத்திரண்டால வகுத்தேன். ஆயிரத்து இருநூத்தி அறுபது!

ரெண்டு பல்புக்கு ரெண்டாயிரத்து ஐந்நூத்திச் சொச்சம். அதை வோல்டேஜால வகுத்தா பதினோரு ஆம்பியர்.

"போலி பல்பு, பாய். நூறுன்னு அச்சடிச்சிட்டு ஆயிரத்துக்கு மேல இழுக்குது."

கணக்கு சுத்தமா வந்த சந்தோஷத்துல, யாருக்கு எதிரா சாட்சி சொல்றோம்னு நான் கவனிக்கலை. பாய் கவனிச்சார்.

"பதினோரு ஆம்பியரா? என் பீஸு அஞ்சுதான் தாங்கும்"னு ஸ்க்ரூ டிரைவரைத் தேடி எடுத்தார்.

"யோவ்"னா ஸ்டெல்லா. "பாயோட இஸ்திரிப் பொட்டியே ஆயிரம் வாட்ஸுதான். உன் கணக்குப்படி ரெண்டரை இஸ்திரிப் பொட்டி சூட்டுல கீது என் பஃப்ஸு. இந்நேரம் கரிக்கட்டை ஆயிருக்காதா?"

டிப்ளமோவுல இந்தக் கேள்வி கேக்கலை.

ஸ்டெல்லா போன் போட, முனியன் வந்தார். பல்பு ரெண்டையும் எரியவிட்டு, ஒயர்ல கிளாம்ப் மீட்டரை மாட்டினார். ஒரு ஆம்பியர்கூட இல்லை, 0.87.

"இருநூத்தி முப்பதை இதால பெருக்குங்க சார். ரெண்டு பல்புக்கும் சேத்து இருநூறு வாட்ஸ், சரியா கீது. ஆறின பல்பையா அளந்தீங்க? கம்பி சூடானா தடை பத்து மடங்குக்கு மேல ஏறும். எரியறப்போ ஒரு பல்பு ஐந்நூறு ஓமுக்கு மேல சார்."

அப்புறம், "எந்தக் காலேஜு சார்?"னார். நான் சொல்லலை. காலேஜுக்காவது மானம் மிஞ்சட்டும்.

அடுத்து மீட்டர் பாய் கடைப் பக்கம் போச்சு. பெருநாள் அவசரத்துக்குன்னு பாய் ரெண்டாவதா ஒரு இஸ்திரிப் பொட்டி வாங்கிப் போட்டு மூணு நாள்தான் ஆகுதாம். ரெண்டும் சேந்து ஒம்போது ஆம்பியரை நெருங்குது!

பாய் ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வச்சார். அப்புறம் என்னை ஒரு பார்வை பாத்தார்.

"லைன் இருக்கட்டும்மா. இவரை மட்டும் கழட்டிடு."

ஸ்டெல்லா யோசிக்கக்கூட இல்லை. "சரி பாய்"னுட்டா.