சம்பந்தி வீட்டுக் கார்

காக்கை எச்சமிட்டது சரியாக பானட்டின் நடுவில். புத்தம் புதுக் கறுப்புக் கார். உச்சி வெயில் வேறு.

மேலப்பாளையத்தில் தன் வீட்டு ஜன்னல் வழியாக அதைப் பார்த்த முகம்மது இப்ராஹிமுக்குக் கை பரபரத்தது. ஈரத்துணியை எச்சத்தின் மேல் சற்று நேரம் ஊறப்போட்டு, மெதுவாக ஒற்றி எடுத்தால் போதும். விட்டுவைத்தால் பெயிண்டை அரித்துவிடும். இதெல்லாம் அவருக்குத் தெரியும். தெரியும் என்பதுதான் யாருக்கும் தெரியக்கூடாது.

ஷார்ஜாவில் இருபது வருஷமாக அவர் பார்த்தது கார் கழுவும் வேலை. ஊருக்குச் சொன்னது மேனேஜர் வேலை. மனைவி முஃபீதாவுக்கே இன்றுவரை அவர் மேனேஜர்தான். மகள் ஸமீஹாவை மாப்பிள்ளை வீட்டார் வலிய வந்து பெண் கேட்டதும் அந்த மேனேஜர் பதவிக்காகத்தான் என்று அவரே முடிவு கட்டியிருந்தார். இன்று நிக்காஹ் தேதி குறிக்க மாப்பிள்ளையின் வாப்பா அலி அஸ்கரும் சித்தி ஜனாபா என்ற பெயர் கொண்ட உம்மாவும் வந்திருந்தார்கள். குட்டு வெளிப்பட்டால் கல்யாணம் நின்றுபோகும்.

பிரியாணியை முடித்துவிட்டு வாசலுக்கு வந்த அலி அஸ்கர் காரைப் பார்த்தார்.

"அடடா, காக்கா வேலையக் காட்டிட்டே! சம்பந்தி, இத உங்க கையாலயே கொஞ்சம் துடைச்சு விட்ருங்களேன்."

இப்ராஹிம் உஷாரானார். மனுஷன் ஆழம் பார்க்கிறாரோ?

"நானா?" என்று பெரிதாகச் சிரித்து வைத்தார். "எனக்கு என்ன தெரியும் சம்பந்தி? அங்கன ஏசி ரூமுல பேனா புடிச்ச கைல்லா இது!"

அலி அஸ்கரின் முகம் ஒரு மாதிரி ஆனது. "சும்மா துடைங்க, பாப்போம்" என்றார்.

பாப்போம் என்றால் சோதனையேதான். கழுவத் தெரியாதவன் எப்படிக் கழுவுவானோ அப்படிக் கழுவிக் காட்டுவது ஒன்றே வழி. இப்ராஹிம் தோளில் கிடந்த துண்டை உருவி, தண்ணீர் காட்டாமல் அரக்கித் தேய்த்தார். எச்சமும் தூசியும் சேர்ந்து நறநறத்தன. காசளவு இருந்த கறை தாம்பாள அளவுக்குப் பரவியது.

"என்னங்க, இப்படியா வறட்டு வறட்டுன்னு தேப்பாவ?" முஃபீதா ஓடிவந்தாள். ஒரு வாளித் தண்ணீர், பாத்திரம் விளக்குகிற சோப்பு, தேங்காய் நார், ஒரு பழைய பனியன் எல்லாவற்றையும் கொண்டுவந்து வைத்தாள்.

கை தன்பாட்டுக்குப் பனியனை எடுத்து, நாலாக மடித்து, நனைத்துப் பிழிந்து உதறிவிட்டது. அப்புறம்தான் அவருக்குச் சுயநினைவு வந்தது. பனியனைத் தூர எறிந்துவிட்டுத் தேங்காய் நாரைப் பிடித்தார். வட்டம் வட்டமாகத் தேய்த்தார். ஷார்ஜாவில் எவனாவது இப்படித் தேய்த்திருந்தால் பிடரியில் ஒன்று போட்டிருப்பார். இப்போது தன் பிடரியில் யாராவது போட்டால்கூடத் தேவலை என்றிருந்தது.

ஊற்றிக் கழுவிய போர்வெல் தண்ணீர் உப்புத் தண்ணீர். வெயிலில் அப்படியே காய்ந்து, பானட் முழுக்கத் தேமல் விழுந்தது.

ஆட்டோவை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த பக்கத்து வீட்டுப் பிச்சைக்கண்ணு, "அண்ணாச்சி, தேங்கா எண்ணெய ஒரு தடவு தடவுங்க. கண்ணாடி மாதிரி ஆயிரும்" என்றான்.

இதைவிட மடத்தனம் கிடையாது. ஆனால், மேனேஜர் என்றால் இதை நம்பத்தானே செய்வார்? இப்ராஹிம் தாராளமாகத் தடவினார். பளபளப்பு வந்தது உண்மை. தன் யோசனை பலித்த சந்தோஷத்தில் பிச்சைக்கண்ணு ஆட்டோவை ஒரு முறுக்கு முறுக்கிக் கிளப்பினான். தெருப் புழுதி அத்தனையும் எண்ணெயில் வந்து அப்பிக்கொண்டது. பொரிக்க மசாலா தடவிய மீன் மாதிரி கிடந்தது கார்.

அலி அஸ்கர் மனைவியைத் தனியே அழைத்து ஏதோ சொன்னார். சித்தி ஜனாபா தலையை ஆட்டிவிட்டுச் செருப்பை மாட்டினார். தேதியைப் பற்றி ஒரு பேச்சும் இல்லை. கதவுக்குப் பின்னால் நின்ற ஸமீஹாவின் முகம் வாடிப்போனது.

சந்தேகம் வந்துவிட்டது என்று இப்ராஹிம் பதறிப்போனார்.

"தப்பா நெனைக்காதீங்க சம்பந்தி! அங்கன வண்டி கழுவுத பயலுவள நான் பக்கத்துலயே சேக்க மாட்டேன். வாளியும் துணியுமா அலையுத கழிசடைங்க. அவனுவளுக்கும் நமக்கும் என்ன சம்பந்தம்?"

சொன்ன வாய் கசந்தது. விடியற்காலக் குளிரில் கூட வாளி தூக்கியவர்களின் முகங்கள் வரிசையாக வந்தன. இந்த வீடு, ஸமீஹாவின் படிப்பு, இப்போது தின்ற பிரியாணி எல்லாம் அந்த வாளியிலிருந்து வந்தவைதான். வெட்கத்தில் அவரால் நிமிரவே முடியவில்லை.

சித்தி ஜனாபா பானட்டை ஒரு விரலால் தொட்டுப் பார்த்தார். முக்காட்டைச் சரிசெய்துகொண்டு இப்ராஹிமின் அருகில் வந்து, தாழ்ந்த குரலில் கேட்டார்.

"அண்ணே, நாங்க ஷார்ஜாவுல இருந்தப்ப, யாரு வண்டின்னு தெரியாமலே எங்க வண்டிய நீங்க கழுவுததத் தெனமும் மாடி ஜன்னல்லேருந்து பாத்துட்டு, 'வண்டியவே இவ்வளவு பதனமாப் பாக்குத மனுசன், பெத்த புள்ளைய எப்படி வளத்திருப்பாரு'ன்னு நான்தான் ஒத்தக் கால்ல நின்னு இந்தச் சம்பந்தத்தப் பேசுனேன், இன்னைக்கு உங்க கைக்கு என்னண்ணே ஆச்சு?"