கதவுப் பலகை நாட்டின் இருப்புப் பாதை

மஹய்யாவக் குன்றுச் சரிவின் மாவீரனே, ஹந்தானைத் தேயிலைத் தொழிற்சாலைத் தராசின் தனிப்பெருந் தலைவனே, கொழுந்துச் சாக்கில் கால் கிலோ ஈரம் கூடினாலும் கண்ணாலேயே கண்டு கழித்துவிடும் அளவை மன்னனே, தியாகராஜாவே, நின் புகழ் ஓங்குக! மாத்தளை ரயில் சமையலறைச் சுவரை அதிரவைத்துக் கடக்கும் ஒவ்வொரு நாளும், தேநீர்க் கோப்பையை அப்படியே வைத்துவிட்டுப் பெட்டிகளை எண்ணும் நின் ஐம்பத்திரண்டு வயது நெஞ்சில், தனக்கென்று ஒரு குட்டி ரயில் வேண்டுமென்னும் பெருந்தீ மூண்ட கதையைப் பாடப் புகுந்தோம். அண்டத்தைச் சுருக்கவும் பெருக்கவும் வல்ல தெய்வங்காள், எம் நாவில் வந்து அமர்க. சற்றே ஒடுங்கி அமர்க, இடம் குறைவு.

வீரனின் கருவூலம் பதினையாயிரம் ரூபாய். அக்கம்பக்கத்துப் பதினெட்டு வீடுகள் சேர்ந்து பிடித்த சீட்டில், பதினேழு மாதமும் பிறர் பெயரே விழ, கடைசியாய்க் கைக்கு வந்த திரவியம் அது. கோட்டைவிட்டால் இன்னும் ஒன்றரை வருடம் வாய்பார்த்திருக்க வேண்டியதுதான். அவன் ஆளப்போகும் நாடோ, இரண்டு கதிரைகள்மேல் கிடத்திய பழைய கதவுப் பலகை: நீளம் ஆறடி, அகலம் இரண்டரை அடி. அந்நாட்டுக்கு எல்லை வகுத்தவள் அவன் இல்லத்தரசியும் சீட்டுத் தலைவியுமான பேச்சியம்மா. அவள் முழங்கியதாவது:

“இந்தா பாருங்க, பலகையத் தாண்டி ஒரு விரக்கட தண்டவாளம் வெளிய நீட்டுச்சு, வெந்நி அடுப்புல வெச்சிருவேன். சொல்லிப்புட்டேன்.”

கண்டி நகரச் சந்தைக்குப் பின்னே, ஜப்பானியர் பாவித்துக் கழித்த பண்டங்களைக் குவித்து விற்கும் ஜவாஹிரின் கடையே போர்க்களம். மூன்று சனிக்கிழமைகள் நடந்தது அப்பெரும்போர். குட்டி ரயில்களின் மூன்று அளவுகள், ஆங்கில எழுத்துகளையே பெயராய்ச் சூடி, மூன்று பெட்டிகளில் எதிர்நின்றன. முதற்கண் வந்தவன் எச்.ஓ. என்னும் மாமல்லன், அசல் ரயிலில் எண்பத்தேழில் ஒரு பங்கு உடம்பினன், விலையோ ஒன்பதாயிரம்தான். ஆகா, என்ன மலிவு! கண்டதும் மையல் கொண்ட தியாகராஜா, பேச்சியம்மாவின் தையல் நாடாவை உடைவாளென உருவி அவன் வளைவை அளந்தான். ஐயகோ, ஒரே ஒரு வட்டமடிக்க மூன்றேகால் அடி அகலம் கேட்டான் அந்தப் பெருவயிற்றுக்காரன்! முக்காலடி அந்தரத்தில் தொங்கும். வெந்நீர் அடுப்பு நினைவுக்கு வந்தது.

அடுத்த சனிக்கிழமை இஸட் என்னும் குறுநில மன்னன் வந்தான். இருநூற்றிருபதில் ஒரு பங்கு. தீப்பெட்டிக்குள் குடித்தனம் நடத்துபவன். பலகையில் கண்டி முதல் மாத்தளை வரை எல்லா ஸ்டேஷனும் கட்டலாம். ஆனால் விலை இருபத்தெட்டாயிரம், அதோடு மூக்குக்கண்ணாடி போட்டும் எஞ்சினுக்கு முன்பக்கம் எது பின்பக்கம் எது என்று வீரனுக்கு விளங்கவில்லை. காசுக்கும் கண்ணுக்கும் ஒருசேர எட்டாத அவனை நெடுமூச்செறிந்து விடைகொடுத்தனுப்பினான்.

மூன்றாம் சனிக்கிழமை, நூற்றைம்பதில் ஒரு பங்கான ‘என்’ எழுந்தருளினான். வட்டம் இரண்டடி! மின்சாரப் பெட்டியோடு பன்னிரண்டாயிரம்! நாடா மும்முறை விரிந்தது, மும்முறையும் வெற்றி முரசு கொட்டியது. அப்போது, பொறுமையின் சிகரமான ஜவாஹிர் கொட்டாவியை அடக்கிக்கொண்டு திருவாய் மலர்ந்தான்.

“அண்ணன், மூவாயிரம் மிச்சம் ஈக்கிதானே, அதுக்கு ஒரு ட்ரான்ஸ்போமர் எடுங்க. இது ஜப்பான் நூறு வோல்ட் சாமான். எங்கட ஊட்டுக் கரண்ட்ல நேரா மாட்டவாணாம்.”

கேட்டானா? கேட்கவில்லை. அவன் விழிகள் கண்ணாடி அலுமாரியில் இருந்த இரும்புப் பாலத்தில் போய் ஒட்டிக்கொண்டன. அதன் விலையும் மிகச்சரியாக மூவாயிரம். அளவையே வென்றவனுக்கு வோல்ட் ஒரு பொருட்டா?

“பாலம் இல்லாத ரயில் என்ன ரயில், ஜவாஹிர் நானா? அதையும் சேர்த்துக் கட்டுங்க.”

ஞாயிறு நண்பகல், கதவுப் பலகை நாட்டில் பாதை போட்டாயிற்று. இருபுறமும் விளிம்புக்கு உள்ளே கால் அடி மிச்சம் கிடந்தது, பேச்சியம்மாவே வந்து பார்த்து, “பரவால்லயே!” என்றுவிட்டுப் போனாள். முப்பத்துமுக்கோடி தேவரையும் தொழுது தியாகராஜா சுவிட்சைப் போட்டான். ஆ! கனைத்தெழுந்த இரும்புப் புரவி பாலத்தை ஒரு பாய்ச்சலில் தாண்டி, வளைவில் சீறித் திரும்பி, ஒரு முழுச்சுற்று முடித்து மீண்டும் பாலத்தில் ஏற, பதினெட்டு மாதத் தவமும் பலித்ததென்று வீரனின் மார்பு விம்மியது. பாலத்தின் நட்டநடுவில் ரயில் நின்றது. மின்சாரப் பெட்டியிலிருந்து கரும்புகை கிளம்பியது.

“ஏங்க! என்னமோ கருகுது! என் அடுப்புல இல்ல!” என்று சமையலறை அலறியது.

மூச்சுக்காற்றையும் நிறுத்துப் பார்க்கும் அம்மாவீரனுக்கு அழுகை வந்தது. துண்டால் மூக்கைத் துடைத்துக்கொண்டான். அடுத்த சீட்டு விழும்வரை இவ்விருப்புப் பாதை எவ்வாற்றலால் இயங்குமோ என எண்திசையும் ஏங்கி நிற்க, வெஞ்சமர் வென்று வோல்ட்டில் வீழ்ந்த வேந்தன், மூன்றாம் கதிரையைச் சிங்காதனமென இழுத்துப்போட்டு வீற்றிருந்து, கொழுந்துக்கறை படிந்த தன் வலக்கைச் சுட்டுவிரலைப் பாலத்தை நோக்கி நீட்டினான்.

விரலால் தள்ளுவதற்கு அந்த அளவு வசதியாகத்தான் இருந்தது.