வழிகாட்டியின் பீரோ சாவி

காலையிலிருந்து மூன்று பேர் வாழ்த்துச் சொல்லிவிட்டார்கள். எதற்கு என்றுதான் தேவபிரசாதத்துக்கு விளங்கவில்லை.

"நீங்க முன்வருவீங்கன்னு நா நெனைக்கவே இல்ல, அண்ணாச்சி" என்றான் பக்கத்து மேசை செந்தில்வேல்.

முத்துச்சிப்பி ஆராய்ச்சி நிலையத்தின் அறிவிப்புப் பலகையில் போய்ப் பார்த்தார். 'திறந்த அறிவியல் திட்டம். தன்னார்வ வழிகாட்டி: தேவபிரசாதம்.' கீழே கையெழுத்து, வால் சுழித்து, சாட்சாத் அவருடையதேதான்.

அந்த அலுவலகத்தில் சுற்றறிக்கையை யாரும் படிப்பதில்லை. அட்டெண்டர் ஜெயசெல்வி தாளை நீட்டுவாள், விரலால் இடம் காட்டுவாள், கையெழுத்தைப் போட்டுவிட்டு டீ குடிக்கப் போவார்கள். திங்கட்கிழமை அவரும் அப்படித்தான் போட்டிருந்தார், யாருடைய பிரிவு உபசார விழாவுக்கோ என்று நினைத்து.

திறந்த அறிவியல் என்றால் என்னவென்று அவருக்குத் தெரியாது. ஆனால் 'திறந்த' என்ற சொல்லே அவருக்கு ஆகாது. அவருடைய பீரோவில் பத்தொன்பது வருட நோட்டுகள் இருந்தன. வாரம் தவறாமல் படகில், முத்துச்சிப்பி விளையும் கடலடிப் பாறைத்திட்டான சிப்பிப் பார் வரை போய், பாதி வழி வாந்தி எடுத்துக்கொண்டே, கடல்நீரின் சூட்டையும் உப்பையும் அளந்து எழுதியவை. முன்பொரு அதிகாரி அதில் ஒன்றை இரவல் வாங்கிப் போய், தன் பெயரில் கட்டுரையாக்கி, பதவி உயர்வில் சென்னைக்கும் போய்விட்டார். அந்த வலி இன்னும் ஆறவில்லை. அன்றிலிருந்து பீரோ சாவி அரைஞாண் கயிற்றில்தான் தொங்குகிறது.

விலகிக்கொள்கிறேன் என்று சொல்ல இயக்குநர் முருகேஸ்வரியின் அறைக்குப் போனார். அந்த அம்மாள் எழுந்து நின்று கைகொடுத்தார். முழு நிலையத்திலும் துணிந்தவர் நீங்கள் ஒருவர்தான் என்றார். விக்டோரியாவோடு வாராவாரம் உட்காருங்கள் என்றும் சொன்னார். எழுந்து நிற்கும் இயக்குநரிடம் எப்படி மறுப்பது? "சரி மேடம்" என்று வந்துவிட்டார்.

விக்டோரியா துறைமுகப் பக்கம் மீன்வரத்துப் புள்ளிவிவரப் பிரிவில் இருந்தவர், போன வருடம்தான் இங்கே மாற்றலாகி வந்தார். இவரைவிட மூன்று வயதுதான் இளையவர். புதன்கிழமை மூன்று மணிக்கு நோட்டும் பேனாவுமாக எதிரே வந்து உட்கார்ந்தார்.

தெரியாததை மறைக்க வாத்தியார்களுக்கென்று ஒரு வழி உண்டு. தேவபிரசாதம் அதைப் பிடித்தார். "மொதல்ல நீங்க சொல்லுங்க. திறந்த அறிவியல்னா என்னன்னு நெனைக்கீங்க?"

நாம் எடுத்த அளவுகளை, எடுத்தவர் பெயரோடு, யார் வேண்டுமானாலும் பார்க்கும்படி பொதுவில் வைப்பது என்றார் விக்டோரியா. தேவபிரசாதம் இடுப்புச் சாவியைத் தடவிப் பார்த்துக்கொண்டார். இதற்குப் படகே தேவலை என்றிருந்தது. ஆனால் மாணவி சரியாகச் சொன்னதை வழிகாட்டி தப்பு என்று சொல்ல முடியுமா? "கரெக்ட்" என்றார்.

அடுத்த வாரம், ஒரு மாதிரி செய்து காட்டுங்கள் என்று கேட்டார் விக்டோரியா. ஒரே ஒரு மாதத்துத் தாளைக் கொடுத்துத் தப்பிக்கப் பார்த்தார் இவர். விக்டோரியா அதைக் கணினியில் ஏற்றிவிட்டு, முன்னும் பின்னும் இல்லாமல் இந்த மாதம் சூடு அதிகமா குறைவா என்று எப்படித் தெரியும் என்று ஒரு சந்தேகம் கேட்டார். நல்ல சந்தேகம். அந்த வருடம் முழுவதையும் கொண்டுவர வேண்டியதாயிற்று. வருடத்தைப் பார்த்ததும் மறுபடி அதே சந்தேகம் வந்தது.

இனித் தாங்காது என்று தேவபிரசாதம் மிரட்டிப் பார்த்தார். பொதுவில் வைத்தால் எவனாவது திருடிக்கொள்வான் என்றார்.

"பீரோவுக்குள்ள வச்சிருந்தப்பவே திருடு போகலையா சார்?" என்று கேட்டார் விக்டோரியா.

பதில் தெரியாத வழிகாட்டி என்று பெயர் வந்துவிடக்கூடாதே. "அதத்தான் நானும் சொல்ல வாரேன்" என்றார்.

இவர் சொல்லிக்கொடுக்கும் அழகைக் கேள்விப்பட்டதாகச் சொல்லி, மாதாந்திரக் கூட்டத்தில் பேச வைத்தார் இயக்குநர். விக்டோரியா சொன்னதையெல்லாம் தன் குரலில் அரைமணி நேரம் முழங்கினார். அளவுகளை ஒளித்துவைப்பது கடலுக்கே செய்யும் துரோகம் என்றுகூடச் சொல்லிவிட்டார். அது எங்கிருந்து வந்தது என்று அவருக்கே தெரியவில்லை.

செந்தில்வேல் எழுந்தான். "எல்லாஞ் சரி அண்ணாச்சி. ஒங்க பீரோ சாவி எங்க?"

கூட்டம் சிரித்தது. அப்புறம் எல்லாரும் அவரையே பார்த்தார்கள். அவர் சட்டையைத் தூக்கி, அரைஞாணிலிருந்து சாவியை அவிழ்த்து மேசைமேல் வைத்தார். கைதட்டல் அடங்கியபோது, என்ன செய்தோம் என்று புரியாமல் உட்கார்ந்திருந்தார்.

இரண்டு மாதத்தில் பத்தொன்பது வருடமும் இணையத்தில் ஏறியது. முதல் வரியில் 'அளந்தவர்: தேவபிரசாதம்' என்றிருந்தது. காயல்பட்டினத்திலிருந்து ராஹிலா என்றொரு ஆய்வாளர், உங்கள் அளவுகளை உங்கள் பெயரோடு என் கட்டுரையில் சேர்த்திருக்கிறேன் என்று எழுதியிருந்தார். அதை நாலு தடவை படித்தார். சந்தோஷத்தில் கண் கலங்கிவிட்டது, போய் முகம் கழுவிக்கொண்டு வந்தார். நல்ல மாணவி அமைவதும் கொடுப்பினைதான் என்று தோன்றியது.

அந்த வாரமே சான்றிதழ்கள் வந்தன. தன்னுடையதைப் பிரித்தார். 'பயிற்சி பெற்றவர்: தேவபிரசாதம். வழிகாட்டி: விக்டோரியா.'

ஒரு வேலையை ஒழுங்காகச் செய்கிறார்களா என்று முணுமுணுத்துக்கொண்டே ஜெயசெல்வியிடம் போய் நீட்டினார். "பேர மாத்தி அடிச்சிருக்காங்க. திருப்பி அனுப்பும்மா."

ஜெயசெல்வி அதைக் கையில் வாங்கவே இல்லை.

"மாறலை சார். அன்னைக்கு நீங்க கையெழுத்துப் போட்ட தாளை அடிச்சதே விக்டோரியா மேடம்தான். 'படிக்க வாங்கன்னா வரமாட்டாரு, பாடம் எடுக்க வாங்கன்னா சாவியோட வருவாரு'ன்னு சொல்லித்தான் எங்கிட்ட குடுத்துவிட்டாங்க."