பிழைப்போர் பட்டியல்

கடலில் நீந்தியதைக் கரையேற்றி, நான்கு காலில் நடந்ததை நிமிர்த்தி, வாலையும் நறுக்கிவிட்டு இயற்கை இத்தனை கோடி ஆண்டுகள் எதற்காகப் பாடுபட்டது என்ற கேள்விக்கு விடை உண்டு. ஒரு பாடநூல் நிறுவனத்தின் இரண்டாம் மாடியில், பிழை திருத்தும் பிரிவுக்குத் தலைவர் ஒருவர் தேவைப்பட்டார். அதற்காகத்தான்.

தலைமைத் திருத்துநரிடம் மூன்று பேனாக்கள் இருந்தன. ஒற்றுப்பிழைக்குச் சிவப்பு, எழுத்துப்பிழைக்குப் பச்சை, ஆட்களுக்கு நீலம். ஆட்கள் இரண்டே பேர். எல்லோருக்கும் அக்காவான ஓர் அக்கா. மூச்சு விடும் இடமெல்லாம் காற்புள்ளி வைப்பதால் 'கமா' என்று பெயர் பெற்ற ஒருவன்.

அந்த வாரம் உயிரியல் நூல் தயாராகிக்கொண்டிருந்தது. அதில் 'மனித இனம் நாளை இருக்குமா?' என்ற பாடத்தை முதலாளி தவறுதலாகப் படித்துவிட்டார். மறுநாள் காலையே தலைமைத் திருத்துநரின் மேசைக்கு ஒரு கடிதம் வந்தது.

"மாறும் சூழலுக்கேற்ப நிறுவனம் 'தகவமைத்துக்கொள்ள' முடிவு செய்துள்ளது. திருத்தும் மென்பொருள் வருவதால் தங்கள் பிரிவில் ஒருவர் மிகை. பிழைப்போர் பட்டியலை மாலை ஐந்து மணிக்குள் அளிக்கவும்."

இருபது ஆண்டுகளாகப் பிழையை வைத்தே வயிறு வளர்த்தவருக்கு அந்தச் சொல்லுக்கு ஒரே பொருள்தான். பிழைப்போர் என்றால் பிழை செய்வோர். பட்டியலில் முதலில் வருகிறவர் வீட்டுக்குப் போவார். தான் போனால் இந்த வயதில் எவன் வேலை கொடுப்பான்? அவர் நீலப் பேனாவைத் திறந்தார்.

"என்ன சார் எழுதறீங்க?" அக்கா எட்டிப் பார்த்தார்.

"ஒண்ணுமில்லக்கா. உங்க எதிர்காலம்தான்."

"அப்ப கொஞ்சம் நல்ல பேனாவா எடுத்து எழுதுங்க சார்."

இருவரின் பிழைகளையும் நேர்மையாக எண்ணினார். அக்கா: பதினான்கு. கமா: பதினான்கு. இன்னும் ஒன்று மிச்சமிருந்தது. நூலின் அட்டையிலேயே 'மனிதப் பரிணாமம்' என்பது 'மனிதப் பரிமாணம்' என்று அச்சாகியிருந்தது. அதைப் பார்த்து ஒப்புதல் கையெழுத்துப் போட்டவர் அவரேதான். மனசாட்சி என்ற உறுப்பு, வாலெலும்பைப் போல, அவரிடமும் எச்சமாக இருந்தது. லேசாக உறுத்தியது. உட்காரும் விதத்தை மாற்றியதும் சரியாகிவிட்டது. அந்த ஒன்றைக் கமாவின் பெயரில் சேர்த்துப் பதினைந்தாக்கினார்.

ஐந்து மணிக்கு முதலாளி பட்டியலைப் படித்தார்.

"இதுல உங்க பேரே இல்லையே?"

"நான் பிழைக்க மாட்டேன் சார்." நெஞ்சை நிமிர்த்தினார். "இருபது வருஷத்துல ஒரு தடவைகூடப் பிழைச்சதில்ல."

முதலாளிக்குக் கண் கலங்கிவிட்டது. "இப்படியும் ஒரு மனுஷனா! அவங்க ரெண்டு பேரும் பிழைக்கட்டும்னு நீங்களே விலகிக்கிறீங்களா? போதாததுக்கு மார்க் வேற போட்டிருக்கீங்க!"

'பிழைப்போர்' என்ற சொல்லுக்கு ஊரார் வழங்கும் பொருள் அப்போதுதான் அவர் மண்டையில் இறங்கியது. மறுக்கலாம்தான். ஆனால், 'தியாகமெல்லாம் இல்ல சார், போட்டுக்கொடுக்கத்தான் எழுதினேன்' என்று எந்த வாயால் சொல்வது? சூழல் மாறிவிட்டதை உணர்ந்து, உடனே தகவமைத்துக்கொண்டு, அடக்கமாகப் புன்னகைத்தார்.

"என் கடமை சார்" என்றார்.

மேசையைக் காலிசெய்துகொண்டிருந்தபோது கமா ஓடிவந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டான்.

"அண்ணே, அக்காவுக்குப் பதினாலு, எனக்குப் பதினஞ்சு. அந்த ஒரு மார்க்குக்காக என்னைத் தலைமை ஆக்கிட்டாங்க. எனக்குத் தெரியும்ணே, அந்த ஒண்ணு என்னோடது இல்ல. முழுக்க முழுக்க உங்களோடது."

கமாவின் வாக்கியத்தில் திருத்துவதற்கு எதுவுமே இல்லாமல் போனது அன்றுதான் முதல்முறை.